சூசைமேரியின் பத்தியம்

2005 ஜனவரி பதினெட்டாம் தேதி சூசைமேரியின் இடது காலில் கண்ணாடிச் சில்லு ஏறியது. அன்றிலிருந்து ஏழு வாரம் அவள் மீன் தின்னவில்லை, கருவாடு தின்னவில்லை, முட்டை தின்னவில்லை, பருப்பைக்கூடத் தொடவில்லை. யாரும் அவளைப் பட்டினி போடவில்லை. காலை ஆற்றுவதற்காக அவளே செய்துகொண்ட வைத்தியம் அது.

அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அனுமந்தையில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் சேவியர்ராஜைக் கட்டிக்கொண்டு மரக்காணம் வந்தாள். வந்த மூன்றாம் மாதம் உப்பளத்தில் இறங்கினாள். மூன்று பிள்ளை பெற்றாள், இரண்டு தங்கவில்லை. தங்கியவள் பவுலின், பன்னிரண்டாம் வகுப்பு. ஒவ்வொரு பேற்றுக்கும் மூன்று மாதம் விடுப்பு, மழைக்காலம் முழுக்க வேலையில்லை, மற்றபடி இருபத்து மூன்று வருஷமும் அவள் கால் உப்புத் தண்ணீரில்தான் நின்றது.

உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தால் தோல் என்று சொல்ல முடியாது. தோலின் மேலடுக்கைக் கெட்டிப்படுத்துவது கெரட்டின் என்னும் புரதம். நகத்திலும் முடியிலும் மாட்டுக் கொம்பிலும் இருப்பது அதுவே. அழுத்தமும் உராய்வும் விடாமல் படும் இடத்தில் உடம்பு கெரட்டினை அடுக்கடுக்காகச் சேர்த்துத் தடிப்பாக்கிக்கொள்ளும். குத்தகைக்காரர் வாங்கித் தராத பூட்ஸை உடம்பே செய்து மாட்டிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்ணாடியைத் தடுக்கும் அளவுக்கு எந்த உடம்பும் பூட்ஸ் செய்வதில்லை.

கண்ணாடி கடலிலிருந்து வந்தது. டிசம்பர் கடைசியில் சுனாமி அலை ஏறியபோது கழுவெளிச் சதுப்பு வழியாகச் சேறும் பலகையும் பாட்டிலும் உப்புப் பாத்திகளுக்குள் வந்து படிந்துவிட்டன. பொங்கல் முடிந்ததும் மேஸ்திரி இருசப்பன் பெண்களைக் கூப்பிட்டு அதை அள்ளச் சொன்னார். கையால் அள்ளினார்கள், வெறுங்காலால் மிதித்தார்கள். சில்லு ஏறியதும் சூசைமேரி வரப்பில் உட்கார்ந்து பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி இறங்கினாள்.

இறங்காமல் இருக்கவும் முடியாது. அந்தப் பாத்திகளில் பெண்களை ஜோடியாகத்தான் வேலைக்கு வைப்பார்கள். ஒருத்தி பலகையால் உப்பை வாரிக் குவிப்பாள், ஒருத்தி கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவாள். வெயில் ஏறினதும் மாற்றிக்கொள்வார்கள். ஒருத்தி வராவிட்டால் மற்றவளுக்கும் அன்றைக்கு வேலையில்லை. சூசைமேரியின் ஜோடி தையல்நாயகி. பதினொரு வருஷ ஜோடி. தனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் அடுத்தவள் வீட்டு அடுப்பும் அணைகிறது என்ற நினைப்பிலேயே இரண்டு பேரும் காய்ச்சலோடு வந்து நிற்பார்கள். மேஸ்திரி யாரையும் அதட்ட வேண்டியதில்லை. அந்த ஏற்பாட்டை யோசித்தவன் கெட்டிக்காரன்தான்.

காயத்துக்கு மருந்து சொன்னதும் தையல்நாயகிதான்.

"புண்ணு கூட்டுற கரப்பான் பண்டம் எதையும் வாயில வைக்காதடி. மீனு, கருவாடு, முட்டை, கத்திரிக்கா... எல்லாத்தையும் தள்ளி வையி. பருப்பு தின்னா சீழ் கோத்துக்கும்."

"மீன எங்க போயி தின்றது? எவனாவது வாங்குறானா இப்ப?"

அது நிஜம். அந்த மாதம் மரக்காணத்தில் மீன் வாங்க ஆளில்லை. கடல் கொண்டுபோன பிணங்களை மீன் தின்றிருக்கும் என்று ஒரு பேச்சு கிளம்பி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. காரப்பொடி மீன் கூறுகள் கூடையிலேயே நாறின. உப்பளத்துக் குடும்பங்களுக்கு மலிவாகக் கிடைத்த ஒரே நல்ல சாப்பாடு ஒரு வதந்தியில் போயிற்று.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். சூசைமேரி நேர்ச்சை செய்திருந்தாள். அலை வந்த காலையில் சேவியர்ராஜ் கடற்கரை ரோட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். நாலு மணி நேரம் ஆள் எங்கே என்று தெரியவில்லை. உயிரோடு வந்து சேர்ந்தால் தவக்காலம் நாற்பது நாளும் ஒரு வேளைதான் சாப்பிடுவேன், அதிலும் கவிச்சி கிடையாது என்று மாதாவிடம் சொல்லிவிட்டாள். அவன் வந்து சேர்ந்தான், சட்டை மட்டும் போயிருந்தது.

ஆக, கரப்பான் ஒரு தடை, வதந்தி ஒரு தடை, நேர்ச்சை ஒரு தடை. நாலாவது தடைக்குப் பெயரே கிடையாது, ஏனென்றால் அதை யாரும் தடை என்று நினைப்பதில்லை. வீட்டில் மூன்று கோழிகள் இருந்தன. கிடைக்கிற முட்டை மூட்டை தூக்குகிற சேவியர்ராஜுக்கும் பரீட்சைக்குப் படிக்கிற பவுலினுக்கும் போகும். மிச்சமிருந்தால் விற்பாள். அவள் தட்டுக்கு வருவது கஞ்சி, ஊறுகாய், புளிக்குழம்பு. சில்லு ஏறுவதற்கு முன்பும் அதுதான். இந்த நாட்டில் பெண்கள் தனியாகப் பத்தியம் பிடிக்க வேண்டியதில்லை. வழக்கமாக இருப்பதே பத்தியம்தான்.

கஞ்சியில் புரதமே இல்லையென்று சொல்ல முடியாது. அரிசியில் கொஞ்சம் உண்டு. ஆனால் புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. அவற்றில் ஒன்பதை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். அரிசியில் அந்த ஒன்பதில் லைசின் குறைவு. பருப்பில் அது நிறைய. அதனால் சோற்றோடு பருப்பு சேர்ந்தால் ஏழைக்கும் சங்கிலி முழுசாகும். முட்டையிலும் மீனிலும் பாலிலும் ஒன்பதும் உண்டு. வெளியிலிருந்து வராவிட்டால் உடம்பு சும்மா இருக்காது. இதயம் துடிக்க வேண்டும், கிருமியோடு சண்டை போட வேண்டும். அதற்குத் தன் சதையையே பிரித்து எடுத்துக்கொள்ளும். புண் மூடுவதற்குக் கொலாஜென் என்ற புரத நார் வேண்டும். தையல்காரன் ஊசியோடு காத்திருக்கிறான், நூல் வரவில்லை. சூசைமேரியின் புண் ஏழு வாரம் அப்படித்தான் காத்திருந்தது. அது ஆறாததைப் பார்த்து அவள் பத்தியத்தை இன்னும் இறுக்கினாள். கடைசியில் மோரைக்கூட விட்டுவிட்டாள்.

மார்ச் முதல் வாரத்தில் இரண்டு காலும் வீங்கின. கொலுசு போட்ட தடம் பள்ளமாகப் பதிந்தது.

"கிட்னிதான்டி" என்றாள் தையல்நாயகி. "எங்க பெரியப்பாவுக்கு இப்படித்தான் மொதல்ல காலு வீங்குச்சு. வா, பெரிய டாக்டரம்மாவாண்ட காட்டிட்டு வருவோம்."

எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மகளிர் தினம் என்று வாசலில் பேனர் கட்டி, வந்த பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்கள். சூசைமேரி அதைப் பவுலினுக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

லேப்பில் இருந்தவள் சுரையா. மரக்காணம் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் லியாகத் அலியின் மகள். டெக்னீஷியன் படித்துவிட்டு மூன்று வருஷமாக அங்கே வேலை பார்க்கிறாள். சூசைமேரி கொடுத்த சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மேல்பாதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டினாள்.

"இன்னா மேடம் காய்ச்சறீங்க? ரசமா?" என்றாள் தையல்நாயகி. பயத்தில் வந்த கேலி.

"பாத்துகினே இருங்க. முட்டை வெள்ளைக்கரு சட்டில பட்டா இன்னாவுது?"

"வெள்ளையாயிடும்."

"அதுல ஆல்புமின்னு ஒரு புரதம் கீது. நம்ம ரத்தத்துலயும் ஆல்புமின் ஓடுது. அது வேற, இது வேற, ஆனா சூடு பட்டா ரெண்டும் வெள்ளையா திரியும். கிட்னி ஓட்டையானா அது ஒண்ணுக்குல ஒழுகும். அப்ப இந்தக் குழாய் மேல பஞ்சு மாரி படியும்."

மூவரும் குழாயைப் பார்த்தார்கள். கொதித்தது. சுரையா இரண்டு சொட்டு அமிலம் விட்டு மறுபடி காட்டினாள். மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே மாதிரி தெளிவாக நின்றன. சர்க்கரை பார்க்க நீல மருந்து ஊற்றிய குழாயும் நிறம் மாறாமல் நீலமாகவே இருந்தது.

"ஒழுகல" என்றாள் சுரையா.

"மாதாவே!" சூசைமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். "அப்ப எனக்கு ஒண்ணுமில்ல."

சுரையா சிரிக்கவில்லை. எழுந்து வந்து அவள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி நின்றது. பிறகு கெண்டைக்காலைப் பிடித்தாள். கைக்கு எலும்புதான் தட்டியது.

"வெளிய ஒழுகலன்னா உள்ள வரலன்னு அர்த்தம்க்கா. ஆல்புமின்தான் தண்ணிய ரத்தக் குழாய்க்குள்ள புடிச்சி வைக்குது. அது கொறைஞ்சா தண்ணி கசிஞ்சி காலுக்கு எறங்கும். இன்னா சாப்பிடறீங்க?"

"கஞ்சி."

"அப்புறம்?"

"அப்புறம்... கஞ்சிதான். ஊறுகா."

"எத்தினி நாளா?"

சொன்னார்கள். கரப்பான், சீழ், நேர்ச்சை, எல்லாவற்றையும் தையல்நாயகியே பெருமையாகச் சொன்னாள். சுரையா ஸ்பிரிட் விளக்கை மூடினாள். கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் தினம் ஒரே கோபத்தைப் பட்டுப் பட்டு அவளுக்கு அலுத்திருந்தது.

"இந்த வாரம் நீங்க மூணாவது ஆளு. போன வாரம் கைக்கொழந்தக்காரி ஒருத்தி. புண்ணு ஆறணும்னு புண்ணு ஆத்துற சாப்பாட்டையே நிறுத்திடறீங்க. இன்னாத்த சொல்றது, போங்க."

டாக்டரம்மா புண்ணைக் கழுவி, குச்சியில் பஞ்சு சுற்றி ஆழம் பார்த்தார். கண்ணாடித் துணுக்கு ஒன்று இன்னும் உள்ளே இருந்தது, எடுத்தார்.

"சீழ் எலும்புக்குப் பக்கத்துல நிக்குது. ஊசி, மாத்திரை தர்றேன். தினம் ரெண்டு முட்டை, பருப்பு, கிடைச்சா மீன், வேர்க்கடலை, எலுமிச்சம்பழம். உப்புத் தண்ணியில கால் படவே கூடாது. மூணு வாரம் பார்ப்பேன். மூடுற வழியா தெரியலன்னா புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிடுவேன். விரலோட போவுதா பாதத்தோட போவுதான்னு அவங்கதான் சொல்லணும்."

வெளியே வந்து இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். பாதம் போனால் உப்பளம் போகும். வேறெந்த வேலையும் அவளுக்குத் தெரியாது.

வீட்டில் சேவியர்ராஜ் குதித்தான். கெட்டவன் இல்லை அவன். குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. ஊர் நம்புவதை அவனும் நம்பினான், அவ்வளவுதான்.

"பச்சப் புண்ணுக்கு முட்டையா? கால வெட்டறதுக்கு அவங்களே வழி பண்றாங்களா? ஏ மேரி, நான் சொல்றத கேளு. நேர்ச்சைய முறிச்சின்னா அப்புறம் எனக்கு எதுனா ஆச்சின்னா?"

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை வழிபாடு முடிந்ததும் நொண்டிக்கொண்டே போய் அந்தக் கடைசிக் கேள்வியைப் பங்குச் சாமியாரிடம் கேட்டாள். அவர் காலைப் பார்த்தார்.

"நோயாளிக்கு உபவாசம் கிடையாதும்மா. திருச்சபை சட்டமே அதான். ஆண்டவர் உன் காலைக் கேக்கல. போய் சாப்பிடு."

சட்டத்தில் இல்லாத தடையைத்தான் அவள் ஒரு மாதமாகச் சுமந்திருக்கிறாள். ஆனால் நோயாளிக்கு விலக்கு உண்டென்று எந்தப் பிரசங்கத்திலும் அவள் கேட்டதில்லை. கஷ்டம் தருவதை ஆயிரம் வாய் சொல்லும். சலுகையை ஒருவர் கேட்டால்தான் ஒருவர் சொல்லுவார்.

சாமியார் சொன்னதும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வரவில்லை. அன்றிரவும் கஞ்சியே குடித்தாள். மறுநாள் காலை பவுலினுக்கு முட்டையை உடைத்துச் சட்டியில் ஊற்றியபோது, கண்ணாடி மாதிரி இருந்த கரு விளிம்பிலிருந்து வெள்ளையாகித் திரண்டு வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இன்னொரு முட்டையை உடைத்து ஊற்றினாள்.

"அஞ்சி நாளு" என்றாள் சேவியர்ராஜிடம். "அஞ்சி நாளு தின்னு பாக்கறேன். சீழ் கூடிச்சின்னா நிறுத்திடறேன். கொறைஞ்சிச்சின்னா நீ வாய மூடிக்கணும்."

"யாராண்ட கத்துகின இந்தப் பேச்சு?"

"எவளாண்டயும் இல்ல. உப்பு வெளைஞ்சிச்சான்னு பாத்தில கைய விட்டுப் பாக்கறோமில்ல? அது மாரிதான்."

எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி சோதனை என்றால் என்னவென்று அந்த இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். அளவுகோலும் அவளே வைத்துக்கொண்டாள். தினம் காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்னால் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்துவாள். விரலை எடுத்ததும் அருள்நிறைந்த மரியே மந்திரம் சொல்லத் தொடங்குவாள். முதல் நாள் குழி நிரம்ப இரண்டு மந்திரம் முழுசாக ஆயிற்று. மூன்றாம் நாளும் அதேதான். ஐந்தாம் நாள் ஒன்றரை. கட்டுத்துணியில் சீழ் குறைந்து வெறும் ஈரம் மட்டும் இருந்தது. முட்டையால் மட்டும் அல்ல. ஊசியும் மருந்தும், துணுக்கை எடுத்ததும், கால் தண்ணீர் படாமல் காய்ந்ததும் சேர்ந்துதான். ஆனால் முட்டை சீழ் வைக்கும் என்ற பேச்சு அவள் வீட்டுக்குள் அன்றோடு செத்தது. சேவியர்ராஜ் வாயை மூடிக்கொண்டான். அடுத்த நாள் அவனே கால் கிலோ வேர்க்கடலை வாங்கிவந்து ஒன்றும் சொல்லாமல் அடுப்படியில் வைத்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து ஒன்பதாம் நாள் தையல்நாயகி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"மேஸ்திரி கேக்கறாரு. வெளைச்சல் ஏறிகினு கீது, பாத்தி சும்மா கெடக்குதாம். திங்கக்கெழமை நீ வரலன்னா சுலோசனாவ எங்கூட ஜோடி போட்டுடுவேன்றாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னா சொல்றது? ஒம்போது நாளா நானும் ஊட்ல குந்திகினு கீறேன். இந்தா, கால்ல துணிய சுத்திக்கோ, மேல சைக்கிள் டியூப் போட்டு இறுக்கிக்கலாம். பாதி நாளு வா. வாரற வேலை பூரா நான் பாக்கறேன், நீ மேட்ல நில்லு."

"மேட்டுக்குப் போவணும்னா பாத்தில எறங்காம எப்படிடி போறது? பறந்தா?"

தையல்நாயகி அழுகிறாளோ என்று சூசைமேரி பார்த்தாள். அழவில்லை. இரண்டு பேருக்குமே அதற்குத் தெம்பில்லை.

"சுலோசனாவ போட்டுக்கோ" என்றாள் சூசைமேரி. "நான் வரல. கால் மூடறவரைக்கும் எறங்க மாட்டேன்."

"அப்புறம் இந்த சீசனுக்கு எடம் கெடைக்காதுடி."

"தெரியும்."

பதினொரு வருஷ ஜோடி அப்படித்தான் முடிந்தது. ஒரு பூட்ஸ், ஒரு மாதச் சம்பள விடுப்பு. இந்த இரண்டில் ஒன்று இருந்திருந்தால் அந்த வாசலில் அந்தப் பேச்சே வந்திருக்காது. உப்புக்கு விலை வைக்கும்போது லாரி வாடகை, கோணி, ஆயில் என்ஜின் எல்லாம் கணக்கில் வருகின்றன. காலுக்கு மட்டும் எவரும் விலை போடுவதில்லை.

ஈஸ்டர் முடிந்து இரண்டாம் நாள், மார்ச் இருபத்தொன்பது, டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். புண்ணின் குழி பாதிக்கு மேல் தூர்ந்திருந்தது. அடியில் மாதுளை முத்துகளை நெருக்கி வைத்தது போலச் சிவப்பாகச் சதை எழும்பியிருந்தது. கொலாஜென் நாரும் புது ரத்தக் குழாய்களும் சேர்ந்து கட்டும் சதை அது. பஞ்சை வைத்துத் தொட்டதும் சூசைமேரி காலை இழுத்துக்கொண்டாள்.

"வலிக்குதா? நல்லது, சதை உயிரோட இருக்கு" என்றார் டாக்டரம்மா. "புதுச்சேரி வேணாம். இன்னும் ஒரு மாசம் இதே சாப்பாடு."

பாதம் தப்பியது. புண் மே மாதம் முழுசாக மூடியது. பாத்தியில் இடம் கிடைக்கவில்லை. ஜூனில் இருசப்பன் கோணி தைக்கிற கொட்டாயில் உட்காரச் சொன்னார். கூலி குறைவு, தரை காய்ந்தது. அடுத்த வருஷமும் அங்கேதான் இருந்தாள். பாத்திக்கு அவளைக் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை.

2006 ஏப்ரலில் ஒரு மதியம் தையல்நாயகி கொட்டாய்க்கு வந்து உட்கார்ந்தாள். அவள் கணுக்காலில் இரண்டு வெடிப்பு, மஞ்சள் அப்பியிருந்தது. தூக்குவாளியைத் திறந்தாள்: கஞ்சி, ஊறுகாய். சூசைமேரி பருப்புச் சோறும் ஒரு முட்டையும் கொண்டுவந்திருந்தாள். முட்டையை உரித்துப் பாதியாக்கி நீட்டினாள்.

"வேணாம்டி. புண்ணு கீது."

சூசைமேரி வற்புறுத்தவில்லை, பாதியைத் தூக்குவாளி மூடியில் வைத்தாள். போன வருஷம் முழுக்க எல்லோரிடமும் சொல்லிப் பார்த்து அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. சாப்பிட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தையல்நாயகி, "எங்க, உன் கால காட்டு" என்றாள்.

சூசைமேரி இடது காலை நீட்டினாள். தழும்பு வழவழவென்று வெளுத்திருந்தது. தையல்நாயகி அதற்கு மேலே கட்டைவிரலை அழுத்தி எடுத்து உற்றுப் பார்த்தாள். குழி விழவில்லை. மறுபடியும் அழுத்தினாள்.

"நெசமாவே சீழ் வைக்கலியா?"

"வச்சிருந்தா நீட்டுவனா?"

வெளியே இருசப்பன் விசில் ஊதினார். தையல்நாயகி அந்தப் பாதி முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மென்றபடியே எழுந்து பாத்தியில் இறங்கினாள்.